புதுக் கணினியை நம்புவதற்கு முன்



இன்று பல தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவர் வீடுகளிலும், பிள்ளைகள் கணினியின் பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். நல்ல முயற்சி இது. கைத்திறனும் வளர்கிறது, செலவும் கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் விசையைத் தட்டித் திரையில் வெளிச்சம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் வேலையின் இரண்டாம் பாதி அப்பொழுதுதான் தொடங்குகிறது. அந்தக் கணினி நிலையாக இயங்குமா என்று சோதித்துப் பார்ப்பதே அந்த இரண்டாம் பாதி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்பங்கரையில் அது சரி, கணினிக்குப் பொருந்தாது. 8 கிகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி நுண் அறைகள் உள்ளன. ஓர் அறை பழுதாயிருந்து மற்றவை எல்லாம் நன்றாயிருந்தாலும், என்றைக்காவது ஒரு நாள் அந்த ஓர் அறை நம்மைக் கவிழ்த்துவிடும்.

கணினியின் பழுது இரண்டு வகைப்படும். ஒன்று, சத்தம் போடும் பழுது. கணினி திடீரென்று அணைந்துபோகும். தானே மீண்டும் தொடங்கும். திரை நீலமாகி நின்றுவிடும். இது எரிச்சல் தருமே தவிர, நம்மை ஏமாற்றாது. மற்றொன்று, வாய் திறவாத பழுது. கணினி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிடும். பால் நிறுக்கும் கொட்டகையில் உள்ள தராசை நினைத்துப் பாருங்கள். உடைந்த தராசை எவரும் பயன்படுத்தமாட்டார். பத்து முறைக்கு ஒரு முறை மட்டும் தவறாகக் காட்டும் தராசுதான் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும். அவ்வாறே, பிள்ளையின் பள்ளிக் கட்டுரையும், பாட்டியின் பழைய நிழற்படமும், கடைக் கணக்கும் நமக்குத் தெரியாமலே கெட்டுப்போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 1994-ஆம் ஆண்டில் தாமஸ் நைஸ்லி என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளில் பிழை செய்வதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அந்தச் செயலியோ 1.33374 என்றது. கணினி நிற்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை. அமைதியாகத் தவறான விடையைத் தந்தது. அந்தச் செயலிகளை மாற்றித் தருவதற்காக நிறுவனம் 47 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது.

சரி, தராசை எப்படிச் சோதிப்போம்? எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்போம். கணினியையும் அப்படித்தான் சோதிக்கவேண்டும். விடை முன்பே தெரிந்த வேலையைக் கொடுத்து, அது சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

முதலில் நினைவகம். இதற்கு மெம்டெஸ்ட்86 என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. இதை ஒரு பென்டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம், விண்டோஸ்கூடத் தேவையில்லை. இந்த நிரல் ஒவ்வோர் அறையிலும் 0, 1 என்னும் குறிகளைப் பலவகை வரிசையில் எழுதும். பின்பு திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். இரவு படுக்கப்போகும் முன் தொடங்கிவிட்டால் காலையில் முடிவைப் பார்க்கலாம். பிழை எண்ணிக்கை 0-ஆக இருக்கவேண்டும். ஒன்றே ஒன்று என்றாலும் ஏற்கலாகாது.

பிழை தெரிந்தால் பதற்றம் வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, நினைவகத் துண்டுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றிச் சோதியுங்கள். பிறகு அதே துண்டை வேறு பள்ளத்தில் செருகிச் சோதியுங்கள். துண்டோடு பிழையும் போனால் பழுது துண்டில். பள்ளத்திலேயே பிழை தங்கினால் பழுது பெரும்பாலும் தாய்ப்பலகையில். வேகத்தையும் கவனியுங்கள். 3200 என்று அச்சிட்ட துண்டு, பயாஸ் அமைப்பில் நாம் மாற்றாதவரை, பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். முதலில் இந்தத் தாழ்ந்த வேகத்திலும், பின்பு உயர்ந்த வேகத்திலும் சோதிப்பதே முறை. உயர்ந்த வேகத்தில் மட்டும் பிழை வந்தால், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது துண்டை மாற்றித் தரும்படி கடைக்காரரைக் கேட்கலாம்.

அடுத்தது செயலி. இதற்குப் பிரைம்95 என்னும் நிரல் பெயர்பெற்றது. ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர், மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்கென இதை எழுதினார். வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் உழைப்பு முழுவதும் வீண். ஆகவே கணினி நம்பத்தக்கதா என்று அறியும் சோதனையையும் அதிலேயே சேர்த்தார். விடை தெரிந்த கடினமான கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, மாறுபட்ட விடை வந்தால் அது நமக்குச் சொல்லிவிடும். 2016-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் செயலிகள் சில கணக்குகளில் உறைந்து நின்றதும் இதே நிரலால்தான் வெளிப்பட்டது. பயாஸ் திருத்தம் மூலம் அக்குறை நீக்கப்பட்டது.

இந்தச் சோதனை செயலியைக் கடுமையாகச் சூடாக்கும். ஆகையால் முதல் 20 நிமிடங்கள் அருகில் இருந்து வெப்ப அளவைப் பாருங்கள். இக்காலச் செயலிகள் பெரும்பாலும் 95 அல்லது 100 பாகை செல்சியசை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். தொடங்கிய உடனே அந்த எல்லையைத் தொட்டால், குளிர்விப்பான் சரியாகப் பொருந்தவில்லை, வெப்பப் பசை சரியாகப் பரவவில்லை, அல்லது விசிறி சுழலவில்லை என்று கொள்ளலாம். நிறுத்திச் சரிசெய்யுங்கள். நம் ஊர் வெக்கையையும் மறக்கலாகாது. குளிரூட்டிய அறையில் 22 பாகையில் தேறிய கணினி, தகரக் கூரையின் கீழ் 32 பாகையில் ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடேறும். ஆகவே அது வழக்கமாக இருக்கப்போகும் இடத்திலேயே, மதிய வேளையில் சில மணி நேரம் சோதிப்பது நல்லது. இடி மின்னல் நாளில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

மூன்றாவது, மின்சாரம் வழங்கும் பெட்டி. செயலிச் சோதனையையும் படம் வரையும் அட்டையின் சோதனையையும் ஒருசேரச் சிறிது நேரம் ஓட்டுங்கள். தனித்தனியே தேறியவை சேர்ந்து ஓடும்போது கணினி அணைந்தால், இப்பெட்டியின்மேல் சந்தேகம் கொள்ளலாம். ஆனால் அதை ஒருபோதும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும். சிறுவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்லுங்கள்.

பாரம் சுமக்கும் கணினி சும்மா இருக்கும்போது நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே ஓர் இரவு முழுதும் அணைத்து வைத்துக் காலையில் தொடங்கிப் பாருங்கள். தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். வேலையில்லாமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் முடிவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இவை அனைத்தையும், பொருளை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்ன நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். ரசீதையும் அட்டைப்பெட்டிகளையும் அதுவரை எறியாதீர்கள். தவணை கடந்து கண்டுபிடித்த பழுது, நம் உழைப்பிலிருந்து இன்னொரு முறை பணம் கேட்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சோதனை, உள்ள பழுதைக் காட்டும். இனிப் பழுதே வராது என்று உறுதி கூறாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் சில, தொடக்கத்தில் நன்றாக ஓடி, மிகையான மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிந்தன. 2024-இல் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. பழைய செயலியை வாங்கிப் பொருத்துவோர் இதை நினைவில் வைத்து, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கணினி எவ்வளவு நன்றாகத் தேறினாலும், முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு படி வேறோர் இடத்தில் இருக்கட்டும். பொருத்த ஒரு நாள் செலவிட்ட பிள்ளைகள் சோதிக்க இரண்டு நாள் பொறுத்தால், அந்தக் கணினி பல ஆண்டு வீட்டுக்கு உழைக்கும்.