இரவு 10 மணிக்கு மேலும் அலறும் மைக் செட்... எது தொல்லை, எது குற்றம்? யாரிடம் புகார் செய்வது?

கோயில் கொடை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கிறிஸ்துமஸ் பவனி... தமிழ்நாட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதலில் புக் செய்யப்படுவது மைக் செட்தான். விசேஷ வீட்டுக்கு அது கொண்டாட்டம். ஆனால் அதே தெருவில் மறுநாள் காலை பொதுத்தேர்வு எழுதப் போகும் மாணவி இருப்பார். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர் இருப்பார். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவிக்கும் தாய் இருப்பார்.

இவர்கள் வந்து கேட்டால், "வருஷத்துல ஒரு நாள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்தப் பதிலைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறதா? எவ்வளவு சத்தம் வரை அனுமதி? போலீசைக் கூப்பிட்டால் வருவார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

எரிச்சல் தரும் எல்லாமே 'பொதுத் தொல்லை' ஆகுமா?

ஆகாது. பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், பஸ்ஸில் ஒருவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும் ரீல்ஸ் எல்லாமே எரிச்சல்தான். ஆனால் ஒருவருக்கு எரிச்சல் வந்தாலே அது பொதுத் தொல்லை ஆகிவிடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-வது பிரிவு இதை விளக்குகிறது. பொதுமக்களுக்கோ, அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கோ பொதுவாகப் பாதிப்பு, ஆபத்து அல்லது தொந்தரவு தரும் செயல்தான் பொதுத் தொல்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் தொந்தரவு என்றால் அது தனிநபர் தொல்லை. அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தெருவே தூங்க முடியவில்லை என்றால் கதை மாறுகிறது.

அதே பிரிவில் இன்னொரு முக்கியமான வரியும் இருக்கிறது. அந்தச் செயலால் யாருக்கோ வசதியோ நன்மையோ கிடைக்கிறது என்பதைக் காரணம் காட்டி பொதுத் தொல்லையை நியாயப்படுத்த முடியாது. "ஊரே சந்தோஷமா இருக்கு, உங்களுக்கு மட்டும் என்ன?" என்ற வாதம் இங்கே எடுபடாது.

எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கலாம்?

ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ம் ஆண்டில் வந்தவை. காலை 6 முதல் இரவு 10 மணி வரை பகல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை இரவு என்று இந்த விதிகள் பிரிக்கின்றன. இடத்துக்கு ஏற்ற அளவுகள் இவை:

• குடியிருப்புப் பகுதி: பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்
• வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55
• தொழிற்சாலைப் பகுதி: பகலில் 75, இரவில் 70
• அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40

மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் தூரம் அமைதி மண்டலமாகக் கருதப்படலாம்.

பொது இடத்தில் ஸ்பீக்கர் கட்டினால், அந்த இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அல்லது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. அதாவது குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்தில்கூட 65 டெசிபல்தான் உச்சம்.

10 டெசிபல்தானே கூடுதல், அதுல என்ன இருக்கு?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். டெசிபல் என்பது கிலோ, லிட்டர் மாதிரி நேராக ஏறும் கணக்கு கிடையாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு. 55 இருக்க வேண்டிய தெருவில் 85 டெசிபல் ஓடுகிறது என்றால், அனுமதித்ததைவிட 1,000 மடங்கு ஒலி ஆற்றல் அங்கே கொட்டப்படுகிறது. காதுக்கு அது ஏறத்தாழ எட்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

தூரமும் அவ்வளவாகக் கைகொடுக்காது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல்தான் குறையும். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கிய தெருவில், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் அந்தக் குறைவும் முழுசாகக் கிடைக்காது.

கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கர் குறைந்த மின்சாரத்திலேயே அதிக சத்தம் தரும். அந்தச் சத்தத்தை ஒரே திசையில் நெடுந்தூரம் தள்ளும். குழாயின் வாய் எந்த வீட்டைப் பார்க்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முழு அடியும். விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்கு மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் வெளியிடும் நிபந்தனைகளில், கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது வழக்கமாக இடம்பெறுவது இதனால்தான்.

பெட்டி ஸ்பீக்கரின் பிரச்னை வேறு. அதன் 'பேஸ்' சத்தம் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. சுவரும் மூடிய ஜன்னலும் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கதவைச் சாத்தினால் பாட்டு கேட்காது, ஆனால் 'டம் டம்' மட்டும் நெஞ்சுக்குள் இடிக்கும்.

இரவு 10 மணிக்கு மேல் என்ன ஆகும்?

அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த நேரத்திலும் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 மணி வரை, ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய அரங்குக்குள் தவிர வேறெங்கும் கூடாது. இது ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல, மேளம் உள்ளிட்ட இசைக் கருவிகளுக்கும் பொருந்தும். பொது அவசர நிலைக்கு மட்டும் விலக்கு.

ஒரே ஒரு தளர்வு இருக்கிறது. கலாசார, மத விழாக்களுக்காக இரவு 10 முதல் 12 மணி வரை மாநில அரசு அனுமதி தரலாம். அதுவும் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. எந்தெந்த நாட்கள் என்பதை அரசு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நள்ளிரவு 12-க்கு மேல் அந்தத் தளர்வும் கிடையாது.

தேர்தல் பிரசாரத்திலும் இதே 10 மணிதான் எல்லை. பேச வேண்டிய இடத்துக்குத் தாமதமாக வரும் தலைவர்கள் மைக்கைத் தொடாமல் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 2022 செப்டம்பரில் ராஜஸ்தானின் அபு ரோடு கூட்டத்துக்கு 10 மணிக்கு மேல் வந்த பிரதமர் மோடி, மைக் இல்லாமலேயே கூட்டத்தினரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

கோயில், மசூதி, சர்ச்சுக்கு விலக்கு உண்டா?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன முக்கியமான வழக்கு சென்னையில் இருந்து போனதுதான். மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கி, இசைக் கருவிச் சத்தம் பற்றி குடியிருப்போர் நலச்சங்கம் வழக்கு போட்டது. சிறுபான்மையினர் என்பதால் குறிவைக்கிறார்கள் என்றது சர்ச் தரப்பு. அந்தப் பகுதி சத்தத்துக்கு நெடுஞ்சாலை வாகனங்களும் காரணம் என்ற வாதமும் வந்தது.

2000 ஆகஸ்ட் 30-ல் தீர்ப்பு வந்தது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை; ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் வழிபட வேண்டும் என்றும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் கூறினர். குழந்தைகள், மாணவர்கள், முதியவர்கள், நோயாளிகளின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்றனர்.

இதன் பொருள், வழிபாடு கூடாது என்பதல்ல. சத்த அளவும் நேரமும் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான் என்பதே. மார்கழி மாதம் விடியற்காலை 5 மணியும், அதிகாலைத் தொழுகைக்கான பாங்கு நேரமும், அதிகாலை ஆராதனையும் விதியின் கணக்கில் 'இரவு'தான். ஒரு மதத்தின் ஸ்பீக்கரை மட்டும் சுட்டிக்காட்டி இந்தத் தீர்ப்பைப் பேசுவது தீர்ப்புக்கே எதிரானது.

2005 ஜூலை 18-ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பின்னணி மனதை உலுக்குவது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்தில் ஓடிய பலத்த இசையால் யாருக்கும் கேட்கவில்லை என்ற செய்தியைப் படித்த பொறியாளர் ஒருவர் தொடர்ந்த வழக்கு அது. பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காக, கேட்க விரும்பாதவர் காதில் யாரும் திணிக்க முடியாது; அமைதியாக வாழ்வது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது.

புகார் செய்ய டெசிபல் மீட்டர் வேண்டுமா?

பலரும் தயங்குவது இந்த இடத்தில்தான். "எவ்வளவு டெசிபல்னு எப்படி நிரூபிக்கிறது?" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் விதி சொல்வது வேறு.

பகல் நேரத்தில் என்றால், அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். இங்கே அளவீடு தேவைப்படும். போன் ஆப் காட்டும் எண் ஒரு மதிப்பீடுதான். முறையாகத் தரம் பார்க்கப்பட்ட மீட்டருக்கு அது ஈடாகாது. ஆனால் இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே போதும், எத்தனை டெசிபல் என்ற கேள்வியே இல்லாமல் புகார் செய்ய விதி இடம் தருகிறது. 10 மணிக்கு மேல் உங்களுக்குச் சாட்சி மீட்டர் இல்லை, கடிகாரம்தான்.

என்ன செய்யலாம்? படிப்படியாக:

1. முதலில் விழாக் குழுவிடமோ மைக் செட்காரரிடமோ நேரில் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் திசையை மாற்றினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.
2. கேட்கவில்லையா? 100 அல்லது 112-க்கு அழையுங்கள். நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
3. தொடர்ந்து நடந்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் நடவடிக்கை எடுக்க முடியும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.
4. நிரந்தரத் தொல்லை என்றால், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில், தொல்லையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். கோட்டாட்சியரிடம் இதற்கு மனு செய்யலாம். முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-வது பிரிவு.

தண்டனை என்ன?

பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாய். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் தொடர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒலி மாசு விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் குறைந்தது 10,000 ரூபாயில் இருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு.

சட்டம் இருந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

"போன் பண்ணது யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு தெருவுல எப்படி நடக்கிறது?" என்ற பயம்தான் முதல் காரணம். விழாக் குழுவில் இருப்பவர் சொந்தக்காரராக இருப்பார், வீட்டு ஓனராக இருப்பார், வார்டு கவுன்சிலரின் ஆளாக இருப்பார். சாமி காரியத்தைத் தடுத்தவர் என்ற பெயர் வேறு வரும்.

இந்தப் பயத்தை நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி புகார் வந்தால் புகார்தாரரின் அடையாளத்தைக் கேட்காமலேயே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும், அடையாளம் தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டது. அது மகாராஷ்டிர காவல்துறைக்கான உத்தரவு. ஆனாலும் 100-க்கு அழைக்கும்போது "என் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

விசேஷம் நடத்துபவர்கள் கவனிக்க...

மீறலுக்கு முதலில் சிக்குவது பெரும்பாலும் மைக் செட்காரர்தான். அளவை மீறிய ஒலிபெருக்கியைப் பறிமுதல் செய்ய மாநில அரசுகள் வழி செய்ய வேண்டும் என்று 2005 தீர்ப்பு சொல்கிறது. "இன்னும் கொஞ்சம் வைப்பா" என்று சத்தத்தைக் கூட்டச் சொல்பவர் வேறு. ஸ்பீக்கரை இழந்து சீசன் முழுக்கப் பிழைப்பைத் தொலைப்பவர் வேறு. அதனால்:

• காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, நகலை மைக் செட்காரரிடம் கொடுத்து வையுங்கள்.
• கூம்புக் குழாயைத் தவிருங்கள். பெட்டி ஸ்பீக்கரையும் வீடுகளைப் பார்க்காமல் பந்தலின் உள்பக்கம் பார்த்து வையுங்கள்.
• ஒரே இடத்தில் பெரிய சத்தம் வைப்பதற்குப் பதில், கூட்டம் இருக்கும் இடங்களில் சின்ன ஸ்பீக்கர்களைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். வந்தவர்களுக்கு நன்றாகக் கேட்கும், அடுத்த தெருவுக்குப் போகாது.
• தெருவில் நோயாளி, கைக்குழந்தை, பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிறார்களா என்று அழைப்பிதழ் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.
• நிகழ்ச்சியை 9.30-க்கு முடிக்கும்படி திட்டமிடுங்கள். அப்போதுதான் 10 மணிக்காவது மைக் அணையும்.