‘நம்ம ஏரியாவுக்கு 4 கோடி!’: எம்.எல்.ஏ. போடும் அப்டேட்டை எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். யாரோ ஒரு போஸ்டரை ஃபார்வர்டு செய்கிறார்: ‘நமது தொகுதியில் ரூ.4 கோடியில் சாலை, வடிகால் பணிகள். எம்.எல்.ஏ. தொடங்கி வைத்தார்.’ கீழே நாலு கைதட்டல் எமோஜி. அதற்கும் கீழே ஒரே ஒரு கேள்வி: ‘அப்போ நம்ம தெரு எப்போ சார்?’

பதில் வருவதில்லை.

இது ஓர் உதாரணம்தான். ஆனால் இந்தியாவின் எந்த நகரத்தில் இருந்தாலும் இந்த மாதிரி ஒரு போஸ்டர் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்த 4 கோடி யாருடைய பணம்? வேலையைச் செய்யப்போவது யார்? ‘தொடங்கி வைத்தார்’ என்றால் வேலை நிஜமாகவே தொடங்கிவிட்டதா? இந்த மூன்றும் தெரிந்தால், கைதட்டுவதா, புகார் கொடுப்பதா, யாரிடம் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

குழாய், குப்பை, விளக்கு: இதெல்லாம் எம்.எல்.ஏ. வேலையா?

சட்டப்படி பார்த்தால், இல்லை. சட்டம் இயற்றுவது, மாநில பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, அரசைக் கேள்வி கேட்பது ஆகியவைதான் எம்.எல்.ஏ.வின் முதல் வேலை. நகரத்தின் தெரு, குப்பை, விளக்கு போன்றவை உள்ளாட்சிக்கு உரியவை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. சாலை, குடிநீர், துப்புரவு எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் நடைமுறை வேறு. பெங்களூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு 2015-ல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. 198 வார்டு கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரம் கவுன்சிலர்களே இல்லாமல் ஓடியது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

கவுன்சிலர் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மக்கள் யாரிடம் போவார்கள்? எம்.எல்.ஏ. ஆபீஸுக்குத்தான். சென்னைக்கும் இது புதிதல்ல. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை அங்கேயும் கவுன்சிலர்கள் கிடையாது.

இப்படித்தான் எம்.எல்.ஏ.வின் போஸ்டரில் எல்லாரின் வேலையும் வந்து சேர்கிறது. பெங்களூரில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; மின்சாரம் பெஸ்காம்; பஸ் பி.எம்.டி.சி.; தெருச் சாலையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. இவற்றில் எதுவும் எம்.எல்.ஏ.வின் கீழ் இயங்கும் அமைப்பு கிடையாது. அவரால் அழுத்தம் கொடுக்க முடியும், கூட்டம் போட முடியும், அதிகாரியைக் கேட்க முடியும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

எம்.எல்.ஏ. கையில் இருக்கும் பணம் எவ்வளவு?

அவர் பெயரில் ஒதுக்கப்படுவது தொகுதி மேம்பாட்டு நிதி மட்டுமே. ஒவ்வொரு மாநிலத்திலும் அதன் அளவு வேறு. கர்நாடகத்தில் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 2.5 கோடியாக இருந்தது, 2019-ல் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் 2022-ல் 5 கோடி ஆனது. டெல்லியில் 2024-ல் 15 கோடி வரை போய், ஆட்சி மாறிய பின் 2025-ல் 5 கோடிக்கு இறங்கியது. எம்.பி.க்களுக்கு நாடு முழுக்க ஒரே அளவு: ஆண்டுக்கு 5 கோடி.

கேட்க பெரிய தொகையாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொகுதியில் 2.5 லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டால், கர்நாடக எம்.எல்.ஏ. நிதி ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 80 ரூபாய். அவ்வளவுதான். ஒரு பஸ் நிழற்குடை, அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், பூங்காச் சுவர் மாதிரி வேலைகளுக்குத்தான் இது சரிப்படும்.

இந்தப் பணம் அவர் கைக்கோ, கட்சிக் கணக்குக்கோ வருவதில்லை. எம்.எல்.ஏ. பணியைப் பரிந்துரை செய்வார். மதிப்பீடு, டெண்டர், பணம் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகமும் அதன் கீழுள்ள துறைகளும்தான். பொதுமக்கள் பயன்படுத்தும் நிரந்தரச் சொத்தாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

இந்த நிதியே தேவையா என்ற விவாதமும் பழையது. சட்டம் இயற்ற வேண்டியவர் பணி ஒதுக்குபவராக மாறக்கூடாது என்று, எம்.பி., எம்.எல்.ஏ. நிதி இரண்டையும் ரத்து செய்யச் சொன்னது இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம். அது 2007-ல். ஆனால் எம்.பி. நிதி அரசியல் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது.

இப்போது அந்த 4 கோடிக்கு வருவோம். கர்நாடக எம்.எல்.ஏ.வின் முழு ஆண்டு நிதியே 2 கோடி. அப்படியென்றால் போஸ்டரில் உள்ள தொகையில் பாதியாவது வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்: மாநகராட்சி பட்ஜெட், மாநில அரசின் சிறப்பு ஒதுக்கீடு, இல்லையென்றால் மத்தியத் திட்டம். அவர் ஓடி ஓடி வாங்கி வந்த பணமாகவும் இருக்கலாம், எப்படியும் வரவேண்டிய பணமாகவும் இருக்கலாம். இந்தச் சிறப்பு ஒதுக்கீட்டில் ஆளுங்கட்சித் தொகுதிக்கு அதிகம், எதிர்க்கட்சித் தொகுதிக்குக் குறைவு என்ற புகார் எந்தக் கட்சி ஆண்டாலும் எழுகிறது. ஆகவே ‘எந்தத் தலைப்பில் வந்த நிதி?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

போஸ்டரில் வரும் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

ஓர் அரசுப் பணிக்குப் படிகள் உண்டு. போஸ்டரில் உள்ள வினைச்சொல்லைப் பார்த்தாலே வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

• ‘கோரிக்கை வைத்தேன்’, ‘வலியுறுத்தினேன்’: அமைச்சரிடமோ அதிகாரியிடமோ கடிதம் போயிருக்கிறது. பணம் இன்னும் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை.

• ‘மதிப்பீடு தயாராகிறது’: இன்ஜினீயர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுகிறார்.

• ‘நிர்வாக ஒப்புதல் கிடைத்தது’: இவ்வளவு செலவு செய்யலாம் என்று அரசு தரப்பில் சம்மதம் வந்துவிட்டது. இது முக்கியமான படி. ஆனால் கான்ட்ராக்டர் இன்னும் வரவில்லை.

• ‘டெண்டர் விடப்பட்டது’: ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். யாரும் போடாவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.

• ‘பணி ஆணை வழங்கப்பட்டது’: இதுதான் நீங்கள் தேட வேண்டிய வரி. யார் செய்கிறார், எவ்வளவு தொகை, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கும்.

• ‘பூமி பூஜை’, ‘அடிக்கல்’: கர்நாடகத்தில் ‘குத்தலி பூஜை’ என்பார்கள். கேமரா வரும் நாள். பணி ஆணை கைக்கு வந்த பிறகா, முன்பா என்று கேளுங்கள்.

கடைசிப் படிக்கு ஒரு காரணம் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். பணி ஆணை கொடுத்திருந்தாலும், களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால், தேர்தல் முடியும் வரை தொடங்க முடியாது. தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் அடிக்கற்கள் வரிசை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘சட்டமன்றத்தில் பேசினேன்’: எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் ஒரு பின்னணி. பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2023-ல் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாகக் கூடியது 22 நாட்கள்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் தொகுதிப் பிரச்சினை ஒலித்தது என்றால் அது நிஜமாகவே ஒரு விஷயம்தான்.

ஆனால் பேச்சிலும் வகை உண்டு. கேள்வி நேரத்தில் கேட்டாரா? அப்படியானால் அமைச்சரின் பதில் அவைப் பதிவில் இருக்கும். கவன ஈர்ப்புத் தீர்மானமா? அதற்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் பத்தோடு பதினொன்றாகச் சொன்னதா? அதற்குத் தனியாகப் பதில் வரும் என்று உறுதியில்லை.

அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொல்லிவிட்டால் கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகளைக் கண்காணிக்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எம்.எல்.ஏ.விடம் வீடியோ கிளிப் கேட்பதைவிட, ‘தேதி என்ன, அமைச்சர் என்ன பதில் சொன்னார்’ என்று கேளுங்கள். சட்டமன்ற இணையதளத்தில் தேடிப் பார்க்க அது உதவும்.

முகாம், சான்று, சிபாரிசுக் கடிதம்

சாலை அறிவிப்புகளுக்கு அடுத்து அதிகம் வருவது முகாம் அறிவிப்புகள்: ஆதார் முகாம், வாக்காளர் அட்டை முகாம், மருத்துவக் காப்பீட்டு அட்டை முகாம், வேலைவாய்ப்பு முகாம். இவை நிஜமாகவே உதவுகின்றன. ஆன்லைனில் மாட்டிக்கொண்டு முழிக்கும் வயதான அம்மா அப்பாவுக்கு, நேரில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் இருப்பது பெரிய ஆறுதல்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே கிடைக்கும் சேவைகளில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமை. முகாமைத் தவறவிட்டாலும், அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாவிட்டாலும், அரசு அலுவலகத்திலோ ஆன்லைனிலோ விண்ணப்பிக்கலாம்.

எம்.எல்.ஏ.வின் கையெழுத்துக்கே மதிப்பு உள்ள இடங்களும் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட் தர மறுக்கிறார், கேஸ் பில்லோ கரன்ட் பில்லோ உங்கள் பெயரில் இல்லை. ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். ஆதார் ஆணையத்தின் மாதிரிப் படிவத்தில், உங்கள் புகைப்படத்துடன், எம்.எல்.ஏ. கையெழுத்திட்டுத் தரும் சான்று முகவரி ஆதாரமாக ஏற்கப்படுகிறது. கையெழுத்தான 3 மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினால் செல்லாது. படிவத்தை ஆணையத்தின் தளத்திலிருந்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓட்டு ஊரில், வீடு பெங்களூரில். என் எம்.எல்.ஏ. யார்?

மதுரையிலோ சேலத்திலோ ஓட்டு, வேலை பெங்களூரில் என்று இருப்பவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். குடிநீர் லாரிக்குக் காசு கொடுப்பது இங்கே, ஓட்டுப் போடுவது அங்கே. இங்குள்ள எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுக்க ஓட்டர் ஐடி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. தயங்காமல் போகலாம். ஆனால் அந்தத் தொகுதியின் அடுத்த தேர்தலில் உங்கள் குடிநீர்ப் பிரச்சினைக்கு எண்ணிக்கை பலம் இருக்காது. அபார்ட்மென்டில் 200 பேர் இருந்தும் 30 ஓட்டுதான் என்றால், அது வேட்பாளர்களுக்கும் தெரியும்.

இந்திய வாக்காளர் சட்டப்படி, நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது. இடம் மாறினால் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் படிவம் 8 நிரப்பினால் போதும். மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ‘நாலு வருஷமா இங்கதான் இருக்கேன், இன்னும் டெம்பரரிதான்’ என்று நினைப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்த அப்டேட் வந்ததும் என்ன கேட்பது?

சண்டை போட வேண்டியதில்லை. குரூப்பிலேயே, மரியாதையாக, இப்படிக் கேட்டால் போதும்:

‘வணக்கம் சார். மகிழ்ச்சி. இது எம்.எல்.ஏ. நிதியா, மாநகராட்சி நிதியா? பணி ஆணை எந்தத் தேதியில் கொடுத்தார்கள்? எந்தெந்தத் தெரு, எப்போது முடியும்? பொறுப்பு இன்ஜினீயர் யார்?’

பதில் வந்தால் நல்லது. நல்ல எம்.எல்.ஏ. அலுவலகங்கள் கேட்காமலேயே இதையெல்லாம் போடுகின்றன. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். விண்ணப்பத்தை எம்.எல்.ஏ.வுக்கு அனுப்பாதீர்கள், பணியைச் செய்யும் மாநகராட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். பணிகளின் பட்டியல், மதிப்பீடு, பணி ஆணை நகல், முடிந்த தேதி, கொடுத்த தொகை ஆகியவற்றைக் கேட்டால் போதும். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம், 150 சொற்களுக்குள் என்பது விதி. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும், ஆவணத்தைக் கேளுங்கள்.

வந்த பதிலை அதே வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். ‘நம்ம தெரு எப்போ சார்?’ என்று கேட்டவருக்கு ஒரு தேதியாவது கிடைக்கும். தேதி இல்லை என்றால், நம்ம தெரு அந்த 4 கோடியில் இல்லை என்பதாவது தெரிந்துவிடும். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று அதற்குப் பிறகு குழப்பம் இருக்காது.