பாதிக் காருக்கு மட்டும் மெழுகு!

வாசலிலேயே செய்து பார்க்கலாம் ஒரு சோதனை

கார் வாங்குவது ஒரு நாள் கொண்டாட்டம். அதன் பளபளப்பைக் காப்பாற்றுவது பல வருஷத்து வேலை!

தாம்பரத்தை அடுத்தது மாடம்பாக்கம். பெரிய ஏரி உள்ள ஊர். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இந்த ஊரின் பெருமை. 2021-ம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானது. மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தது. வயல்கள் மனைகளாயின. மனைகள் வீடுகளாயின. வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

கார் வந்தது சரி. அதற்குக் கொட்டகை? பல வீடுகளில் அது இல்லை. காலை முதல் மாலை வரை கார் வெயிலில் காய்கிறது. மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சம் விழுகிறது. தெருவில் லாரி போனால் புழுதி படிகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்துவிட்டால், கழுவிய காரிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்!

இரண்டே வருஷம். புதுக் காரின் முகம் மங்கிவிடுகிறது.

வசதி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம். தவணை கட்டி, பழைய கார் வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அப்படி அல்ல. கார்தான் அவருடைய முதல். விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது என்ன? என்ஜினையா? இல்லை, பெயிண்டைத்தான்!

இந்த நேரத்தில்தான் கடையில் ஒரு பாட்டில் கண்ணில் படுகிறது. திரவ மெழுகு. "தடவுங்கள், துடையுங்கள், கண்ணாடி போல மின்னும்" என்கிறது விளம்பரம். விலை சில நூறு ரூபாய். வாங்கலாமா? வாங்கினால் பலன் உண்டா?

கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. முழுக் காருக்கும் பூசாதீர்கள். பானெட்டில் பாதிக்கு மட்டும் பூசுங்கள்!

சிகாகோவில் ஒரு கெட்டிக்காரர்

இந்த யுக்தி புதியது அல்ல. அமெரிக்காவில் சிகாகோ நகரில் பென் ஹிர்ஷ் என்று ஒருவர் இருந்தார். 1940-களில் அவர் கார் பாலிஷ் செய்து விற்றார். தொழிற்சாலையா வைத்திருந்தார்? இல்லை. வீட்டுக் குளியல் தொட்டியில்தான் கலக்கினார்!

அதை விற்பது எப்படி? பேஸ்பால் மைதானத்துக்குப் போவார். ஆட்டம் பார்க்க வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு காரிலும் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பிறகு அங்கேயே காத்திருப்பார். ஆட்டம் முடிந்து சொந்தக்காரர் வருவார். ஒரு மூலை மட்டும் மின்னும். மற்ற இடமெல்லாம் அழுது வடியும். மனம் கேட்குமா? பாலிஷ் விற்றுவிடும்!

அவர் தொடங்கிய வியாபாரம்தான் பிற்பாடு 'டர்டில் வாக்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது. 'டர்டில்' என்றால் ஆமை. ஆமை ஓடு போலக் கெட்டியான காப்பு என்று அர்த்தம் கற்பித்தார்கள்.

ஹிர்ஷ் விற்பதற்குச் செய்ததை, நாம் வாங்கலாமா என்று அறியச் செய்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பனைக்கு ஒரு உறவு

பாட்டிலில் இருப்பது என்ன? மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியதா? அல்ல.

பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ஒரு மரம் வளர்கிறது. அதன் பெயர் கார்னௌபா. நம் பனைமரத்துக்கு உறவு. ஓலையும் விசிறி போலத்தான் இருக்கும். அங்கே மழை குறைவு, வெயில் அதிகம். ஓலையில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தன் ஓலைக்குத் தானே மெழுகு பூசிக்கொள்கிறது! இயற்கையின் சாமர்த்தியம் பாருங்கள்.

ஓலைகளை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். அதை உருக்கிக் கட்டியாக்குவார்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சூட்டில் உருகிவிடும். கார்னௌபா உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெயிலில் நிற்கும் காருக்கு அது ஏற்றது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு ஏற்றுவதும் இதே மெழுகுதான்.

ஆனால் அது கல் போலக் கடினமானது. முன்பெல்லாம் இதை டப்பாவில் பசை போல விற்றார்கள். வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டு கார்கள் வந்த காலம் அது. அந்த நாளில் காருக்கு மெழுகு போடுவது என்றால் தோள்பட்டை கழன்றுவிடும்!

இன்று மெழுகைப் பொடிப்பொடியாக்கி, தண்ணீரிலும் எண்ணெயிலும் கலந்துவிடுகிறார்கள். எளிதாகப் பரவுவதற்கு சிலிக்கோன் சேர்க்கிறார்கள். கை வலி குறைந்தது. ஒரு செய்தி: எல்லாப் பாட்டிலிலும் கார்னௌபா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். செயற்கை மெழுகு மட்டுமே உள்ளவையும் உண்டு. அவையும் வேலை செய்யும்.

கழுவுவதில்தான் எல்லாம்

இனி காரியத்துக்கு வருவோம். காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். கார் நிழலில் நிற்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான தகட்டில் பூசினால் மெழுகு திட்டுத் திட்டாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கழுவ வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைக்கிறார்கள். புழுதி என்பது என்ன? மணல்! மணலை வைத்துத் தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழாமல் என்ன செய்யும்? வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்கள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். பிறகு துணியை ஷாம்பு நீரில் நனைத்துத் துடையுங்கள். அழுக்கான துணியை மற்ற வாளியில் அலசிவிட்டு மீண்டும் நனையுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டதா? அதை ஒதுக்கிவிடுங்கள். வேறு துணி எடுங்கள். கழுவியதும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானே காயட்டும் என்று விட்டால் உப்புப் புள்ளி நிற்கும்.

காக்கை எச்சம் காய்ந்து கிடந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் அதன் மேல் போட்டுவையுங்கள். ஊறியதும் தானே வந்துவிடும்.

ஐந்து ரூபாய்க் காசு அளவு

இப்போது பானெட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு காகித டேப் ஒட்டுங்கள். இடப்பக்கம் மெழுகு. வலப்பக்கம் வெறுமை.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். பஞ்சுத் திண்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு விடுங்கள். இடப்பக்கம் மெல்லியதாகப் பரப்புங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல இருந்தால் போதும். நிறையப் பூசினால் நிறைய மின்னும் என்பது வீண் ஆசை. அதிகமானது துணியோடு போய்விடும். தங்குவது ஒரு மைக்ரான் கனம்கூட இராது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

சில நிமிஷத்தில் வெண்மையாகப் பூத்துவரும். விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் காய்ந்துவிட்டது. மைக்ரோ ஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். துணியைத் திருப்பி இன்னொரு முறை துடையுங்கள். டேப்பை எடுத்துவிடுங்கள். பாட்டிலில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

இடப்பக்கம் நிறம் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். கையால் தடவினால் வழுக்கும். ஒரு குவளைத் தண்ணீர் தெளியுங்கள். இடப்பக்கம் முத்து முத்தாக உருளும், தாமரை இலைத் தண்ணீர் போல. வலப்பக்கம் தட்டையாகப் பரவி நிற்கும்.

துடைத்த துணியில் காரின் நிறம் ஒட்டியிருக்கிறதா? பயப்பட வேண்டாம். பழைய கார்களின் பெயிண்டுக்கு மேல் நிறமில்லாத பூச்சு கிடையாது. அதனால் மேலே பூத்த பெயிண்டு துணியில் வரும். இப்போதைய கார்களில் அந்த மேல்பூச்சு உண்டு.

செய்யாததும் உண்டு

மெழுகால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. நகத்தை வைத்து இழுத்தால் இடறும் கீறல் மெழுகால் மறையாது. மேல்பூச்சு தோல் உரிவது போல உரிந்துவிட்டால் எந்தப் பாட்டிலும் உதவாது. பெயிண்டுப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதுதான் பெரிய செலவு!

வெயிலை மெழுகு தடுக்குமா? கொஞ்சம்தான். சுத்தமான காருக்கு ஓர் உறை போட்டு மூடுவது அதைவிடப் பெரிய காப்பு. அப்படியானால் மெழுகு எதற்கு? அழுக்கும் எச்சமும் பெயிண்டைக் கடிப்பதற்கு முன்னால், நடுவில் நிற்கும் ஒரு மெல்லிய திரை அது. அந்தத் திரை இருந்தால் அடுத்த தடவை கழுவுவது எளிது. தேய்ப்பது குறையும். தேய்ப்பது குறைந்தால் கீறலும் குறையும். கொடுத்த காசுக்கு உண்மையான பலன் இதுதான், மின்னுவது அல்ல!

முன் கண்ணாடியில் பூசாதீர்கள். மழை இரவில் வைப்பர் ஓடும்போது பாதை மங்கலாகும். ஸ்டியரிங்கிலும் பிரேக் பெடலிலும் பூசுவது ஆபத்து, வழுக்கும். டயரும் பிரேக் தட்டும் பக்கமே போக வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை விழும். புதிதாகப் பெயிண்டு அடித்த காரா? பட்டறைக்காரர் சொல்லும் நாள் வரை பொறுங்கள்.

சில பாட்டில்களில் பெட்ரோலிய எண்ணெய் கலந்திருக்கும். அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். மீதி மெழுகைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை அறியுமா அது மெழுகென்று?

எத்தனை நாள் நிற்கும்?

திரவ மெழுகு சில வாரம் நிற்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதம். வெயிலில் நிற்கும் காரில் சீக்கிரம் போகும். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால் இன்னும் சீக்கிரம் போகும். வாரம் ஒரு முறை பானெட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக நின்றால் மெழுகு தீர்ந்தது. அதற்குள் எச்சமும் புழுதியும் இடப்பக்கத்தில் எளிதாகக் கழுவிப் போயினவா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். திருப்தியா? முழுக் காருக்கும் பூசுங்கள். இல்லையா? பாட்டிலில் மீதி இருப்பதை ஸ்கூட்டருக்குப் போடலாம். சீட்டில் மட்டும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்கு முன்னால் ஆயுத பூஜையை ஒட்டிப் பூசினால் வசதி. பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் அல்லவா? மறுநாள் காலையில் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். நாள் கணக்கில் வெயிலில் விட்டால் வெள்ளைக் காரில் குங்குமச் சிவப்பு தங்கிவிடும்.