ஆர்ஜென்டினா ஜெயிச்சது, அவன் பணம் ஏன் போச்சு?

ஜூலை மாசம் எங்க ஆபீஸுக்கு வர்ற சம்பளக்காரங்க கையில ஃபார்ம் 16 இருக்கும். 2025 ஜூலையில வந்த ஒரு தம்பி கையில பேங்க்ல கொடுத்த ஒரு லெட்டர் இருந்தது. சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான், கைக்கு வர்றது மாசம் 31,000. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) "அண்ணே, சம்பள அக்கவுண்டை ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. பைக் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆயிருச்சு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது"ன்னான்.

என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டா தோத்த கதையைச் சொல்லுவான்னு நினைச்சேன். ஆனா மாட்டிக்கிட்டது ஜெயிச்சதால.

கதை 2022 டிசம்பர் 18-ல ஆரம்பிக்குது. கத்தார்ல ஃபுட்பால் உலகக் கோப்பை ஃபைனல், நம்ம ஊர் நேரம் ராத்திரி எட்டரை. மெஸ்ஸி ரசிகன். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பெட்டிங் சைட்ல ஐயாயிரம் ரூபாய் ஆர்ஜென்டினா மேல கட்டினான், 2.60 ரேட்டுல. அதாவது ஜெயிச்சா 13,000 வரணும். ஆர்ஜென்டினா கப்பைத் தூக்கினது உலகத்துக்கே தெரியும். இவன் வாலெட்டைத் திறந்து பார்த்தா பூஜ்யம்.

சைட் ஏமாத்திட்டதா இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தான். ஏமாத்தல. இவன் கட்டினது 'மேட்ச் ரிசல்ட்' பெட். அந்த பெட்டுக்கு 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும் மட்டும்தான் கணக்கு. அன்னைக்கு 80-வது நிமிஷம் வரைக்கும் ஆர்ஜென்டினா 2-0. எம்பாப்பே அடுத்தடுத்து ரெண்டு கோல் போட, 90 நிமிஷத்துல 2-2, டிரா. எக்ஸ்ட்ரா டைம்ல 3-3, பெனால்டியில 4-2. எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் கோப்பைக்குத்தான், அந்த பெட்டுக்குக் கிடையாது. 'கோப்பை யாருக்கு' அப்படிங்கிறது தனி பெட், அதுக்கு ரேட் குறைவு. நாக் அவுட் மேட்ச்ல இந்த வித்தியாசம் தெரியாம பணம் கட்டுறவங்க ஏராளம். ரூல்ஸ் பக்கத்துல எழுதித்தான் இருக்கும். ஆனா ராத்திரி எட்டரைக்கு ரூல்ஸ் பக்கம் யார் படிக்கிறாங்க?

விட்ட ஐயாயிரத்தைப் பிடிக்கணும்னு 2023 ஐ.பி.எல்.லுக்கு வந்தான். அங்கிருந்து ரெண்டரை வருஷம்.

கமிஷன் மண்டி கணக்கு

"இது அதிர்ஷ்டம் இல்லண்ணே, எனக்கு கேம் தெரியும்"னு அவன் சொன்னான். தெரியும்தான், மறுக்கல. ஆனா கேம் தெரிஞ்சா மட்டும் போதுமான்னு பேப்பர்ல போட்டுக் காட்டினேன்.

ரெண்டு டீமும் சம பலம்னு வைங்க. நியாயமா ரேட் 2.00, 2.00 இருக்கணும். சைட்ல 1.90, 1.90-னு இருக்கும். ரெண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரம் நீங்களே கட்டினா, போட்டது 2,000. யார் ஜெயிச்சாலும் வர்றது 1,900. அந்த நூறு ரூபாய்தான் கடைக்காரர் வருமானம். விருதுநகர்ல வத்தல் மண்டி பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். விலை ஏறினாலும் இறங்கினாலும் மூட்டை கை மாறினா கமிஷன் மண்டிக்காரருக்குக் கமிஷன் உண்டு. ஒரே வித்தியாசம், மண்டியில கடைசியா யார் வீட்டுக்கோ வத்தல் போய்ச் சேரும்.

1.90 ரேட்டுல கையைக் கடிக்காம இருக்கணும்னாலே நூத்துக்கு 52.6 தடவை சரியாச் சொல்லணும். பாதிக்குப் பாதி சரியாச் சொல்றவன் தோத்துக்கிட்டே இருப்பான். ஃபுட்பால்ல டிராவும் சேர்றதால மூணு ரேட். உதாரணத்துக்கு 2.50, 3.10, 2.90-னு வைங்க. ஒண்ணை ஒவ்வொரு ரேட்டாலயும் வகுத்துக் கூட்டினா 106.7 சதவீதம் வரும். நூறுக்கு மேல இருக்கிறது அவங்க பங்கு. நாலு மேட்சைச் சேர்த்துக் கட்டுற 'காம்போ' இன்னும் மோசம். நியாயமா 16 மடங்கு வரணும், 1.90 ரேட்ல 13 மடங்குதான் வரும். பெரிய நம்பரா தெரியறதால யாருக்கும் உறுத்தறது இல்ல.

"அஞ்சு பர்சென்ட் தானே, ஹோட்டல் பில்லுல ஜி.எஸ்.டி. கட்டுற மாதிரி"ன்னான். அஞ்சு பர்சென்ட் ஒரு தடவைக்கு. வாலெட்ல இருக்கிற ஆயிரத்தை வெளியே எடுக்காம திருப்பித் திருப்பிக் கட்டினா, 14-வது சுத்துல சராசரியா மிஞ்சுறது 488 ரூபாய். பணம் ஒரேயடியா போனா வலிக்கும். இப்படித் தேய்ஞ்சு போறப்போ ஜெயிச்ச நாலு மேட்ச்தான் ஞாபகம் இருக்கும்.

டெலிகிராம் டிப்ஸ் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இவன் அதுக்கும் ரெண்டாயிரம் கட்டியிருக்கான். ஐ.பி.எல். பிளேஆஃப்ல மொத்தம் நாலு மேட்ச். ஒருத்தன்கிட்ட 1,600 நம்பர் இருக்கு. முதல் குவாலிஃபையருக்கு 800 பேருக்கு 'ஏ' ஜெயிக்கும்னும், 800 பேருக்கு 'பி' ஜெயிக்கும்னும் அனுப்புறான். சரியாப் போன 800 பேரை மட்டும் வெச்சுக்கிட்டு எலிமினேட்டருக்கு மறுபடி பாதி பாதி. மூணு மேட்ச் முடியறப்போ 200 பேருக்கு இவன் ஒரு தீர்க்கதரிசி. ஃபைனல் டிப்ஸுக்கு அவங்க காசு கொடுக்காம வேற யார் கொடுப்பாங்க?

எவ்வளவு போயிருக்கும்னு கேட்டேன். "நாப்பதாயிரம் இருக்கும்ணே." ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி எக்ஸெல்ல போட்டோம். சைட் ஒண்ணுதான், ஆனா பணம் வாங்குற யு.பி.ஐ. பேர் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு நாள் மளிகைக் கடை பேர், இன்னொரு நாள் யாரோ தனி ஆள் பேர். அதனால பொறுக்கி எடுக்கவே ஒரு மத்தியானம் ஆச்சு. எண்ணெய் புரோட்டா வாங்கி வரச் சொல்லி சாப்பிட்டுக்கிட்டே பார்த்தோம். போட்டது 2,86,400. எடுத்தது 1,31,900. போனது 1,54,500, சுளையா அஞ்சு மாசச் சம்பளம். முப்பது மாசத்துக்கு வகுத்தா மாசம் 5,150. "மாசம் ஆயிரம் ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. போட முடியாது, செலவு அதிகம்"னு அதுக்கு முந்தின வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னவன் அவன்.

ஜெயிச்ச பணம் யாருடையது?

2025 ஜூன் 1, குவாலிஃபையர் 2, பஞ்சாப் - மும்பை. மழையால லேட்டா ஆரம்பிச்சு நள்ளிரவு தாண்டி முடிஞ்ச மேட்ச். 204 டார்கெட், ஷ்ரேயாஸ் ஐயர் 41 பந்துல 87 நாட் அவுட், பஞ்சாப் ஜெயிச்சது. இவன் ஏப்ரல்ல இன்னொரு சைட்ல புதுசா அக்கவுண்ட் ஆரம்பிச்சு அதுவரைக்கும் 6,000 போட்டிருந்தான். மறுநாள் 24,500 எடுத்தான். மூணு தடவையா, மூணு தனி ஆளுங்க அக்கவுண்ட்லேருந்து வந்தது. மூணு பேரும் யாருன்னே இவனுக்குத் தெரியாது. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனா பணம் உள்ளே வர்றப்போ யாரும் சந்தேகப்படறதில்ல.

நடந்தது இதுதான். இந்த மாதிரி சைட்டுங்க கம்பெனி அக்கவுண்ட் வெச்சு நடத்த முடியாது. வாடகைக்கு வாங்கின தனி ஆளுங்க அக்கவுண்ட் வழியாத்தான் பணம் ஓடும். அதே அக்கவுண்ட்கள்ல ஆன்லைன் மோசடிப் பணமும் ஓடும். வேற மாநிலத்துல யாரோ ஏமாந்து 1930-க்கு போன் பண்ணி புகார் கொடுக்கிறாங்க. பணம் போன வழியை அக்கவுண்ட் அக்கவுண்ட்டா துரத்துவாங்க. முதல் கை, ரெண்டாவது கை, மூணாவது கை. அந்த வரிசையில கடைசியா நின்னது சிவகாசியில ஒரு சம்பள அக்கவுண்ட்.

பேங்க் லெட்டர்ல புகார் நம்பரும் எந்த போலீஸ் ஸ்டேஷன்னும் இருந்தது. பணம் எப்படி வந்ததுன்னு விளக்கம் கொடுக்கணும். இவன் என்கிட்ட வந்ததே அதுக்குத்தான். "நண்பன் திருப்பிக் கொடுத்த கடன்னு ஒரு லெட்டர் உங்க லெட்டர்ஹெட்ல போட்டுக் கொடுங்கண்ணே."

முடியாதுன்னுட்டேன். என் சர்டிஃபிகேட் போயிரும்ங்கிறது ஒரு காரணம். அதை விட, முகம் தெரியாத மூணு பேரை நண்பன்னு எழுதிக் கொடுத்தா, அவங்க மோசடி கேஸ்ல இவனைக் கொண்டுபோய் நாமே கோர்த்துவிட்ட மாதிரி. உண்மையைச் சொன்னா? 2022-ல வந்த தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி ஆடினவருக்கே மூணு மாசம் வரைக்கும் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதனால வக்கீல்கிட்ட அனுப்பினேன். அவர் வழியா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தான். ஏழு வாரம் கழிச்சு அக்கவுண்ட் திறந்தது. 24,500 மட்டும் இன்னும் பிடிப்புல இருக்கு. அந்த ஏழு வாரமும் சம்பளத்தை கேஷா கொடுங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டிருக்கான். ஏன்னு அவர் கேட்டதுக்கு என்ன சொன்னான்னு நான் கேட்டுக்கல.

இதுல வரி வேற. அந்த சைட்ல நிகர லாபம் 24,500 கழித்தல் 6,000, அதாவது 18,500. ஆன்லைன் கேம் ஜெயிப்புக்கு 115 பி.பி.ஜே. பிரிவுல 30 சதவீதம், மேல 4 சதவீதம் செஸ். மொத்தம் 5,772 ரூபாய். '12 லட்சம் வரை வரி இல்லை'ங்கிற சலுகை இதுக்குக் கிடையாது. முதல் சைட்ல விட்டதை இதுல கழிக்க முடியாது, சம்பளத்துலயும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. சுலபமான ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, ஐ.டி.ஆர்.-2 தான். சைட் சட்டவிரோதம்னாலும் வரி வரிதான், வருமான வரிச் சட்டம் அதைப் பார்க்காது. கைக்கு வராத, பேங்க்ல பிடிச்சு வெச்சிருக்கிற பணத்துக்கு வரியான்னு கத்தினான். கத்தினது நியாயமாத்தான் பட்டது.

'முதலாளி மட்டும் ஆடலையா?'

கடைசியா ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. "சிவகாசியில எல்லாரும் ஆடுறதுதானேண்ணே. தீபாவளி அன்னைக்கு மழை பெய்யுமா, கோர்ட் என்ன சொல்லும்னு தெரியாமத்தானே பட்டாசுக் கம்பெனிக்காரங்க கோடிக்கணக்குல சரக்கு போடுறாங்க. அது சூது இல்லையா?"

2018 அக்டோபர்ல, தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்போ, பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்போ இந்த ஊர் எப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியும். ரிஸ்க் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் விலை வைக்கிறார், லாபத்தை விலையிலயே சேர்க்கிறார், கமிஷன் அவர் பக்கம். இவன் கட்டுற ஒவ்வொரு பெட்லயும் கமிஷன் எதிர்ப் பக்கம். விக்காத சரக்கு குடோன்ல இருக்கும், இன்ஷூரன்ஸ் இருக்கும். வியாபாரத்துல நஷ்டம் வந்தா எட்டு வருஷம் வரைக்கும் முன்னெடுத்துப் போய் லாபத்துல கழிக்கலாம்னு வரிச் சட்டமே சொல்லுது. பெட்டிங் நஷ்டத்துக்கு ஒரு நாள் ஆயுசு கூடக் கொடுக்கல. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

2025 ஆகஸ்ட் 22-ல மத்திய அரசோட ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சது. பணம் கட்டி ஆடுற கேம் எதுவும் நடத்தக் கூடாது, நடத்தினா மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இங்கே பதிவு பண்ணின பெரிய ஆப்கள் பணப் போட்டிகளை அந்த மாசமே நிறுத்திட்டாங்க. மிச்சம் இருக்கிறது வெளிநாட்டு சைட்டுங்கதான். டி.டி.எஸ். பிடிக்காது, புகார் சொல்ல ஆபீஸ் கிடையாது, பணம் வர்றதே வாடகை அக்கவுண்ட்லேருந்து. முன்னாடி நூத்துல ஒருத்தனுக்கு வந்த ஃப்ரீஸ் லெட்டர் இனி இன்னும் நிறைய பேருக்கு வரும்னு நினைக்கிறேன்.

2026 ஐ.பி.எல். முடிஞ்ச கையோட ஜூன் 11-ல ஃபுட்பால் உலகக் கோப்பை. 48 டீம், நாக் அவுட் மட்டும் 32 மேட்ச். ஏற்கெனவே பணம் வாங்கி அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆனவங்க, பேங்க்ல புகார் நம்பரையும் ஸ்டேஷன் பேரையும் எழுத்துல வாங்குங்க, முதல்ல வக்கீலைப் பாருங்க, யார்கிட்டயும் பொய் லெட்டர் வாங்காதீங்க. சம்பளம் வர்றதுக்கு வேற பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஹெச்.ஆர்.கிட்ட உடனே கொடுங்க.

அந்தத் தம்பி போன வாரம் போன் பண்ணினான். ஃபைனலை வீட்டுல எல்லாரும் சேர்ந்து பார்க்க பெரிய டி.வி. வாங்கலாமா, நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்மையிலேயே நோ காஸ்ட்டான்னு கேட்டான். பிராசஸிங் ஃபீயைப் பார்த்துட்டுச் சொல்றேன்னேன்.