தானே அணைந்து தானே எழும் ஸ்மார்ட்போன்

ஐதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டைப் பகுதியில் மே மாதப் பகலில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. அங்கே கணக்கெடுக்கச் செல்லும் களப்பணியாளரின் ஸ்மார்ட்போனோ, பெரும்பாலும் 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் இயங்குவதற்கென அமைக்கப்பட்டது. படிவம் பாதி நிரம்பியதும் போன் அணைகிறது, தானே எழுகிறது, மறுபடியும் அணைகிறது. உள்ளிருப்பதனைத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதே இதற்குப் பலரும் கூறும் வைத்தியம். இன்னும் அனுப்பப்படாத விவரங்களும் ஆசிரியரின் மதிப்பெண் பட்டியல்களும் அத்துடன் அழிந்துபோகும் ஆதலின், நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே அம்மருந்தை நாட வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் ஐபோன் 6எஸ் கருவிகள் பல, மின்சேமிப்பு எஞ்சியிருக்கும்போதே திடீரென்று அணைந்தன. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரான சில கருவிகளின் பாட்டரிப் பாகம், தொகுப்பதற்கு முன் தொழிற்சாலைக் காற்றில் உரிய அளவிற்கு மேல் திறந்திருந்ததே காரணமென ஆப்பிள் நிறுவனம் அறிவித்து, அவற்றிற்கு இலவசமாகப் புதிய பாட்டரி வழங்கியது. முதிர்ந்த பாட்டரியுள்ள போன்களின் வேகத்தை மென்பொருளால் தான் குறைத்து வருவதை 2017 டிசம்பரில் அது ஒப்புக்கொண்டபோது பெருங்கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமே, சொல்லாமல் செய்த வைத்தியம் அது. ஆயினும் அதன் அடிப்படையிலிருந்த விஞ்ஞானம் பிழையன்று.

லித்தியம் அயனி பாட்டரி முதிர முதிர அதன் உட்தடை மிகுகிறது. உஷ்ணம் இம்முதுமையை விரைவுபடுத்துகிறது. எடுத்துக்காட்டாக, 3.7 வோல்ட் பாட்டரியிலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்வோம். உட்தடை 0.1 ஓம் எனில் இழப்பு 0.2 வோல்ட், 0.3 ஓம் எனில் 0.6 வோல்ட். பின்னதில் எஞ்சுவது 3.1 வோல்ட்டே. மின்னழுத்தம் இவ்வாறு வீழுங்கால் கருவி அணைகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் மீள்கிறது. எழும் முயற்சியே மீண்டும் சுமையாகிறது. திரையில் 30 விழுக்காடு என்று காட்டுவதனால் பாட்டரி நலமாயுள்ளதென எண்ணலாகாது.

ஆகவே, போன் எப்போது அணைகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புகைப்பட விளக்கு எரியும்போதும், சிக்னல் நலிந்த இடத்தில் பேசும்போதும், சேமிப்பு குறைந்த வேளையிலும் அணைந்து, சார்ஜரில் இணைத்தால் ஒழுங்காக இயங்குமாயின் பாட்டரியையே பெரிதும் ஐயுற வேண்டும். வெயிலில் மட்டும் அணைவது சூடேற்றத்தினாலாகலாம். நிழலில் உறையைக் கழற்றி ஆறவிடுக. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தல் கூடாது, உள்ளே ஈரம் படியும். உறை இறுக்கமாயிருந்து அணைக்கும் பொத்தானை ஓயாது அழுத்துவதும் உண்டு. அற்பக் காரணம், ஆயினும் முதலில் பார்க்கத் தக்கது.

சார்ஜரிலும் தொல்லை நீடித்தால் மென்பொருளை ஆராய்க. ஆண்ட்ராய்டு கருவிகளில் ‘சேஃப் மோடு’ என்னும் நிலை உண்டு. அதில் நாம் பின்னர் நிறுவிய செயலிகள் இயங்கா. அந்நிலையில் தொல்லை ஒழியுமாயின், அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். சேமிப்பிடம் நிரம்பியிருப்பதும் கருவியைத் தடுமாறச் செய்யும்.

பணிக்கு ஈடுகொடுக்கவியலாத கருவியே கையில் தரப்படுவதும் உண்டு. 2021-இல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், சூடேற்றம், நினைவகக் குறைவு முதலியவற்றைக் காட்டி, தங்களுக்கு வழங்கப்பட்ட போன்களைத் திரும்ப ஒப்படைத்தனர். இத்தகைய நிலையில் ஊழியரைக் கவனக்குறைவுடையவரெனப் பழிப்பதில் பொருளில்லை. அணைந்த நாள், நேரம், அப்போது செய்த வேலை ஆகியவற்றை எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவது உதவும்.

முற்றாக அழித்தல் கடைசி வழி. அதற்குமுன் விவரங்களை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பின்மூடி உப்பியிருக்கக் கண்டால் மட்டும் வேறு சோதனை எதுவும் வேண்டா. சார்ஜ் செய்யாமலும், அழுத்தாமலும், குத்தாமலும், எரிபொருள்களுக்கு அப்பால் வைத்து, பழுதுபார்ப்போரிடம் சேர்த்துவிடுக.