உங்களுக்குத் தெரியுமா? இணையப் பாடமும் பதிப்புரிமையும்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக வளாகத்தில் இருக்கிறது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001-இல் தொடங்கி, கடல் கடந்தவர்களுக்கும் இணையவழியே தமிழ் கற்பிக்கிறது. அதன் மின்னூலகத்தில் பாரதியார், பாரதிதாசன், கல்கி எழுத்துகளைக் காசில்லாமல் படிக்கலாம். அவை நாட்டுடைமையானவை என்பதே காரணம். எழுத்தாளரின் வாரிசுகளுக்குத் தமிழக அரசு பரிவுத்தொகை தந்து, எழுத்தைப் பொதுச்சொத்தாக்குகிறது. 1949-இல் பாரதியின் படைப்புகளில் தொடங்கிய இந்த வழக்கத்துக்குத் தமிழ் மாணவர்கள் நிறையவே கடன்பட்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரதி பாடல் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் தியாகராய நகர் பதிப்பகம் ஒன்று அதே பாடலுக்குப் புதிதாகச் சேர்த்த முன்னுரையும் விளக்கவுரையும் அப்படியல்ல!

நாட்டுடைமையாகாத மற்ற நூல்களுக்கு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஆனாலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பாடத்துக்கான நூல் பக்கங்களை நகலெடுத்துத் தந்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீதான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் இதற்கு விரிவான பொருள் தந்தது. கற்பித்தல் என்பது வகுப்பறை விரிவுரையோடு முடிந்துவிடுவதில்லை என்றது. வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்கும் தெம்பூட்டும் நியாயமான தீர்ப்பு.

ஆசிரியர்களே, பாடத்துக்குத் தேவையான பக்கங்களை உங்கள் மாணவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். விற்பனையில் உள்ள முழு நூலையும் ஊரெல்லாம் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.