கவரில் கட்டிய சூடான சாம்பார்... குடலுக்குள் என்ன செய்கிறது?

மாலை ஏழு மணிக்கு மேல் வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றியுள்ள பார்சல் கவுண்டர்களில் கூட்டம் நெரியும். கொதிக்கக் கொதிக்க சாம்பாரை அள்ளி மெல்லிய கவரில் ஊற்றி, நூலால் நாலு சுற்று சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பார்சல் டீக்கும் அதே கதிதான். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆனாலும் கவர் போன பாடில்லை.

பிளாஸ்டிக் என்றதும் தாமிரபரணியில் மிதக்கும் குப்பைதான் நம் நினைவுக்கு வருகிறது. விஞ்ஞானிகள் இப்போது வயிற்றுக்குள்ளும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் குடலை ஒட்டியும் குடியிருக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சின்னச் சின்னத் திட்டுகளாக ஒரு திசு உண்டு. 1677-ல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் யோஹான் கான்ராட் பேயரின் பெயரால் 'பேயர் திட்டுகள்' என்கிறார்கள். இது ஒரு செக்போஸ்ட் மாதிரி. குடலில் போகிற வருகிற பொருட்களில் கொஞ்சம் எடுத்து உள்ளே சோதிக்கும். இட்லியை விட்டுவிட வேண்டும், கிருமியைப் பிடிக்க வேண்டும். (டைபாய்டு கிருமி இந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைகிறது என்பது தனிக்கதை.) நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் இதே வழியாகத் திசுவுக்குள் போக முடியும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

துகள் ஒரு பக்கம் என்றால், அதிலிருந்து கசியும் ரசாயனம் இன்னொரு பக்கம். அதிகம் ஆராயப்பட்டது பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. பாலிகார்பனேட் தண்ணீர் கேன், டின் உணவின் உள்பூச்சு, ஏன், கடையில் தரும் வழவழப்பான பில் காகிதத்தில்கூட இருக்கலாம். சாம்பார் கவர் பெரும்பாலும் பாலித்தீன். அதில் பிபிஏ சேர்ப்பதில்லை. ஆனால் வேறு சேர்மானங்கள் உண்டு, சூடும் எண்ணெயும் அவற்றை எளிதில் இழுத்துவிடும்.

2014-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், கருவுற்ற, பாலூட்டும் எலிகளுக்கு பிபிஏ கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குட்டிகள் வளர்ந்த பிறகு, முட்டைப் புரதத்தைச் சாதாரண உணவாக ஏற்காமல் எதிர்த்தன. செக்போஸ்ட் காவலருக்கு ஆள் அடையாளம் குழம்பிவிட்டது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினமும் உடலில் சேரலாம் என்று அனுமதித்த பிபிஏ அளவை 20,000 மடங்கு குறைத்தது. 'டி.ஹெச்.17' என்ற, அழற்சியைத் தூண்டும் எதிர்ப்புச் செல்கள் எலிகளில் பெருகியதுதான் முக்கியக் காரணம். ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் இவ்வளவு கடுமை தேவையில்லை என்று மறுத்தது. சர்ச்சை அளவைப் பற்றித்தான். 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவுக்கே ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இந்தியாவில் குழந்தைகளின் பால் பாட்டிலில் அது கூடாது என்று தர விதி இருக்கிறது.

பேப்பர் கப் விஷயத்தில் நம்மூர் ஆய்வே உண்டு. 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், 100 மில்லி சூடான நீரைப் பேப்பர் கப்பில் 15 நிமிடம் வைத்தபோது சுமார் 25,000 நுண்துகள்கள் கலந்திருந்தன.

சரி, குடலைக் காக்க என்ன சாப்பிடலாம்? எதிர்ப்புச் செல்களுக்குக் குடலுக்கு வழிகாட்டுவது வைட்டமின் ஏ. முருங்கைக்கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் அதற்கான மூலப்பொருள் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைக் காய்களில் உள்ள ஒரு பொருள் குடல் சுவரின் காவல் செல்களைத் தக்கவைக்கிறது என்று 2011-ல் எலிகளில் கண்டார்கள். பயறு, கீரை, வாழைத்தண்டு போன்ற நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து 'பியூட்டிரேட்' தயாரிக்கின்றன. அழற்சியை அடக்கும் செல்கள் வளர அது உதவுகிறது. ஆறிய சோற்றில் உருவாகும் செரிக்காத மாவுச்சத்தும் பாக்டீரியாக்களுக்குத் தீனிதான். அந்த வகையில் பழைய சோறு ஒன்றும் ஏழையின் சாப்பாடு மட்டுமல்ல.

ஆனால் முருங்கைக்கீரை சாப்பிட்டால் பிளாஸ்டிக் ரசாயனம் 'வெளியேறிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். அப்படி மனிதர்களில் யாரும் நிரூபிக்கவில்லை. சத்து, குடலுக்குத் தெம்பு கொடுக்கும். கவருக்கு மாற்று ஆகாது.

நல்ல செய்தி, பிபிஏ உடலில் நெடுநாள் தங்குவதில்லை. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். 2011-ல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் பிளாஸ்டிக் படாத, டின்னில் அடைக்காத புதுச் சமையல் கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவிகிதம் குறைந்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறிவிட்டது.

வண்ணார்பேட்டையில் இதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம். பரணில் கிடக்கும் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனால் போதும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீடுகளில் இதை இன்று ராத்திரியே தொடங்கலாம். கடைக்காரர் முதல் நாள் ஒரு மாதிரி பார்ப்பார். வாளி கொஞ்சம் பெரிதாக இருந்தால், சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.